கமிலோ கொல்கி கண்ட வலை

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோழிகள் கொல்கியுபகரணத்தை எத்தனை தடவை வரைந்திருப்பார்கள் என்று கணக்கிட முடியாது. அடுக்கி வைத்த தோசைகள் போல நான்கைந்து வளைந்த பைகள், ஓரங்களில் சிறு சிறு புடகங்கள், பக்கத்தில் கோடிழுத்து ஒரு பெயர். ஐந்து நிமிட வேலை, புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் கரு, இழைமணி, இலைசோசோம் என்று பாடநூலில் வரும் மற்றப் புன்னங்கங்கள் எல்லாம் தம் வடிவத்தாலோ தொழிலாலோ பெயர் பெற்றிருக்க, இது மட்டும் ஒரு மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த மனிதர் கண்டது மெய்யா பொய்யா என்று அவர் இறந்த பின்னும் ஏறக்குறைய 30 வருடம் வழக்கு நடந்தது. அந்தக் கதையைப் பாடநூல் சொல்வதில்லை. சொன்னால் பாடம் நீண்டுவிடும் என்று விட்டிருக்கலாம்.

கமிலோ கொல்கி 1843 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் திகதி வட இத்தாலியில், அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றிலுள்ள கொர்தேனோ என்ற சிற்றூரில் பிறந்தார். இத்தாலி என்ற ஒரே நாடு அன்று இல்லை. அவர் பிறந்த லொம்பார்டிப் பகுதி ஒஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை அலெஸாந்திரோ அந்த மலைப்பகுதி மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். மகனும் அதே வழியில் பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1865 இல் பட்டம் பெற்றார்.

பாவியாவிலேயே வேலையும் கிடைத்தது. அங்கே அவரை முதலில் கவர்ந்தவர் உளநோய் மருத்துவர் செசாரே லொம்புரோஸோ. மனநோயை உடலில் தேட வேண்டும் என்ற எண்ணம் அவரிடமிருந்து கொல்கிக்குத் தொற்றியது. ஆனால் லொம்புரோஸோ மண்டையோட்டை அளந்து பெரிய பெரிய முடிவுகளுக்குத் தாவுகிறவர். கொல்கிக்கு அது போதவில்லை. மூளையின் உள்ளே பார்க்க வேண்டுமே! அதற்கு வழிகாட்டியவர் ஜூலியோ பிஸ்ஸோஸெரோ. குருதி உறைவதில் குருதிச் சிறுதட்டுக்களுக்குப் பங்கு உண்டு என்று பின்னாளில் காட்டியவர் இவர்தான். நுணுக்குக்காட்டியைக் கையாளும் வித்தையைக் கற்றுக்கொடுத்த இந்த ஆசிரியர், மாணவரைவிட மூன்று வயது இளையவர். தன்னிலும் இளையவரிடம் போயிருந்து கற்பதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம் கொல்கியிடம் அப்போது இருந்தது. அப்போது என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

ஆராய்ச்சி சோறு போடவில்லை. நிரந்தர வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளும்படி தந்தை வற்புறுத்தினார். (எல்லா ஊர் வாப்பாமாரும் ஒன்றுதான் போலும்.) 1872 இல் கொல்கி அப்பியாத்தேகிராஸ்ஸோ என்ற சிறு நகரத்துக்குப் போய், தீராத நோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றில் தலைமை வைத்தியராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, ஆராய்ச்சி பற்றிக் கதைக்க அருகில் ஆளும் இல்லை. வேறொருவராக இருந்தால் சம்பளத்தை எண்ணிக்கொண்டு ஆராய்ச்சியை மறந்திருப்பார். கொல்கி ஒரு சமையலறையை ஆய்வுகூடமாக்கினார். ஒரு நுணுக்குக்காட்டி, சில எளிய கருவிகள், இரவில் மெழுகுதிரி வெளிச்சம். இவ்வளவுதான் அவருடைய மூலதனம்.

அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். மூளை இழையத்தில் கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சாயம் ஊட்டாவிட்டால் எதுவும் தெரியாது, எல்லாவற்றுக்கும் சாயம் ஊட்டினால் எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரியும். அடர்ந்த வடலிக்குள் நின்று ஒரேயொரு பனையின் வேரைத் தனியே பிரித்துப் பார்க்க முயல்வது போன்ற வேலை அது. கொல்கி மூளைத் துண்டுகளைப் பொற்றாசியம் இருகுரோமேற்றில் ஊறவைத்து இறுக்கினார். பின்னர் அவற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டார். இரண்டும் தாக்கமுற்று வெள்ளிக் குரோமேற்று வீழ்படிவாகியது. இரசாயனச் செய்முறையில் இந்த வீழ்படிவைச் செங்கபில நிறத்தில் காண்போம். நரம்புக்கலத்தை அது நிரப்பியபோது நுணுக்குக்காட்டியில் கன்னங்கறுப்பாகத் தெரிந்தது.

அதிலும் அதிசயம், அது எல்லாக் கலங்களிலும் படியவில்லை என்பது. எங்கோ ஒன்று, இங்கே ஒன்று என மிகச் சில கலங்களில் மட்டுமே படிந்தது. படிந்த கலத்தில் உடல், கிளைகள், நீண்ட நார் யாவும் மஞ்சள் பின்னணியில் கறுப்பு மையால் வரைந்தது போல முழுமையாகத் தெரிந்தன. அந்தச் சாயம் ஏன் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுக்கிறது என்பது இன்றுவரை சரிவர விளங்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் படிந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. 1873 பெப்ரவரியில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் கொல்கி இந்தப் புதிய முறையைப் பற்றி மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அது இத்தாலிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாகியது. கறுப்புத் தாக்கம் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. அவருக்கு வயது முப்பது.

இந்த ஆண்டுகளைப் படிக்கும்போது எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே எங்கள் ஊர் மாணவருக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடலமைப்பைத் தமிழில் விளக்கும் மனுஷ அங்காதிபாதம் என்ற அவருடைய நூல் வெளிவந்தது 1872 இல். 1873 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். கொல்கி சமையலறையில் மூளைத் துண்டை வெள்ளியில் ஊறவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே மூளைக்கும் நரம்புக்கும் தமிழில் பாடம் நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

மீண்டும் கொல்கியிடம் வருவோம். கறுப்புத் தாக்கத்தின் பலனாக 1876 இல் அவர் பாவியாவில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு பிஸ்ஸோஸெரோவின் மருமகள் லீனா அலெட்டியை மணந்தார். பிள்ளைகள் இல்லை. உறவுப் பிள்ளை ஒருவரை எடுத்து வளர்த்தனர். 1880களின் நடுவில் மலேரியா பற்றி அவர் செய்த ஆய்வு தனிக் கட்டுரைக்கு உரியது. நோயாளியின் குருதியிலுள்ள ஒட்டுண்ணிகள் செங்குழியங்களுக்குள் வளர்ந்து, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரிந்து, குழியங்களை உடைத்து வெளியேறும் வேளையில்தான் காய்ச்சல் ஏறுகிறது என்று அவர் காட்டினார். 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சலுக்கும் 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சலுக்கும் காரணம் வெவ்வேறு ஒட்டுண்ணிகள் என்பதையும் பிரித்தறிந்தார். 1934, 1935 ஆண்டுகளில் மலேரியாவால் பல்லாயிரம் உயிர்களை இழந்து, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்ற எங்கள் இலங்கையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இனி அவர் பெயர் சுமக்கும் புன்னங்கம். 1898 இல் கொல்கி தமது சாயமூட்டும் முறையைச் சற்று மாற்றி, கூகை ஒன்றின் மூளியிலுள்ள பெரிய நரம்புக்கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலத்தின் எல்லைக்குள்ளே, கருவைச் சுற்றி, மெல்லிய நூல்களால் பின்னிய வலை போன்ற ஓர் அமைப்புத் தெரிந்தது. அது கலத்தின் ஓரத்தைத் தொடவும் இல்லை, கருவோடு ஒட்டவும் இல்லை. ஏப்பிரல் மாதம் பாவியாவின் மருத்துவ சங்கத்தில் அதை அறிவித்தார். உள்வலை உபகரணம் என்பது அவர் இட்ட பெயரின் பொருள். அது என்ன தொழில் செய்கிறது என்று அவர் ஊகிக்கவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லி நிறுத்திக்கொண்டார். அவருடைய மாணவர்கள் வேறு கலங்களிலும் அதே வலையைக் கண்டனர்.

இப்படி அடக்கமாகப் பேசிய அதே மனிதர் இன்னொரு வலை விடயத்தில் அடக்கமாக இருக்கவில்லை. மூளையிலுள்ள நரம்புக்கலங்களின் நார்கள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து, இடைவெளியே இல்லாத ஒரே பெரும் வலையாக இருக்கின்றன என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1887 இல் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற விஞ்ஞானி கொல்கியின் கறுப்புத் தாக்கத்தைக் கற்றுக்கொண்டார். அதைச் செம்மைப்படுத்தி இளம் விலங்குகளின் மூளையைப் பார்த்தார். அவர் கண்டது வலை அல்ல. ஒவ்வொரு நரம்புக்கலமும் தனி அலகு, அடுத்ததைக் கிட்ட நெருங்கும், ஆனால் கலந்துவிடாது. இன்று நாங்கள் நரம்பிணைப்பு என்று படிப்பது அந்த இடைவெளியைத்தான். கஹால் சொன்னதே சரி என்று பிற்கால ஆய்வுகள் நிறுவின.

1906 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஸ்டொக்ஹோமில் திசெம்பர் 11 ஆம் திகதி கொல்கி உரையாற்றினார். பெருமளவு நேரத்தை, பக்கத்தில் இருந்தவரின் கொள்கை தவறு என்று வாதாடவே செலவிட்டார். அடுத்த நாள் கஹால் தமது ஆதாரங்களை எடுத்துவைத்தார். ஒரே சாயம், ஒரே மேடை, நேரெதிரான இரண்டு முடிவுகள். கொல்கியை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அவருடைய வாழ்க்கையில் இந்த நாளை என்னால் ரசிக்க முடியவில்லை. பிஸ்ஸோஸெரோவிடம் பணிந்து கற்றவருக்கு, ஒன்பது வயது இளைய கஹாலின் படங்களைத் திறந்த மனத்தோடு பார்க்க முடியாமற் போயிற்று. அவருக்காகப் பேசுவதென்றால் ஒன்று சொல்லலாம். அக்கால நுணுக்குக்காட்டியால் அந்த இடைவெளியைக் காணவே முடியாது. இருவருமே தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகித்தார்கள். ஒருவரின் ஊகம் பலித்தது.

கொல்கி இரண்டு தடவை பாவியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை வகித்தார். 1900 இல் செனற் உறுப்பினரானார். முதலாம் உலகப் போரில், எழுபதைத் தாண்டிய வயதில், பாவியாவில் இராணுவ வைத்தியசாலை ஒன்றுக்குப் பொறுப்பாயிருந்து நரம்பு காயப்பட்ட போர்வீரர்களின் மீட்சிக்கு உழைத்தார். 1918 இல் ஓய்வுபெற்று, 1926 சனவரி 21 இல் பாவியாவில் காலமானார். அவர் பிறந்த ஊர் இன்று கொர்தேனோ கொல்கி என்று அழைக்கப்படுகிறது.

அவர் போன பிறகுதான் அந்த உள்வலைக்குச் சோதனை வந்தது. சாயம் ஒரு நாள் படியும், மறுநாள் படியாது. ஒரு கலத்தில் வலையாகவும் இன்னொன்றில் துண்டுகளாகவும் தெரியும். உயிருள்ள கலத்திலோ தெளிவாகத் தெரியவே தெரியாது. எனவே அது கலத்தில் இருப்பதல்ல, இரசாயனம் உண்டாக்கிய பொய்த்தோற்றம் என்று பலர் வாதிட்டனர். 1949 இல் ஜோர்ஜ் பலாடே, அல்பேர்ட் குளோட் என்ற இரு பெரும் விஞ்ஞானிகளும் அப்படித்தான் எழுதினார்கள். மூளையில் இல்லாத வலையை உண்டு என்று சாதித்தவர், கலத்தினுள்ளும் இல்லாத வலையைத்தான் கண்டாரோ என்ற ஐயம் எழுவது இயல்புதானே. 1954 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி தீர்ப்புச் சொன்னது. அடுக்கடுக்கான மென்சவ்வுப் பைகள், சுற்றிலும் புடகங்கள். கொல்கி சொன்ன இடத்திலேயே இருந்தன. 1960களில் சதையிக் கலங்களை வைத்து அதன் தொழிலை விளக்கியவர்களில் முதன்மையானவர், முன்பு அதை நம்பாத அதே பலாடேதான். அகமுதலுருச் சிறுவலையில் உருவாகும் புரதங்கள் கொல்கிக்கு வருகின்றன. அங்கே மாற்றம் பெற்று, தரம் பிரிக்கப்பட்டு, புடகங்களில் பொதியிடப்பட்டு, உரிய இடத்துக்கு அனுப்பப்படுகின்றன. தம் கருத்தை மாற்றிக்கொண்ட பலாடேயை நான் கொல்கிக்குப் பக்கத்தில் வைத்தே பார்க்கிறேன்.

கதை அத்தோடு நிற்கவில்லை. இலைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்தியன் டி டூவ், 1963 இல் கலத்தின் இன்னொரு செயலுக்கு ஓட்டோபேஜி என்று பெயரிட்டார். தன்னைத் தானே உண்ணல் என்பது அதன் பொருள். உணவு தட்டுப்படும்போதோ, இழைமணி போன்ற பாகம் பழுதடையும்போதோ, கலம் தன் முதலுருவின் ஒரு பகுதியை இரட்டை மென்சவ்வால் சுற்றி மூடுகிறது. அந்தப் பொதிதான் ஓட்டோபாகோசோம். அது இலைசோசோமோடு சேர, உள்ளே இருப்பவை சமிபாடடைந்து, அமினோ அமிலங்கள் மறுபடி பயன்படுகின்றன. யப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி இதற்கான பரம்பரை அலகுகளை மதுவக் கலங்களில் கண்டுபிடித்து 2016 இல் நோபல் பரிசு பெற்றார். ரமழான் வந்தால், நோன்பின் பயனை நிரூபித்ததற்கே ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது என்று எங்கள் வீட்டுக் கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் செய்தி வரும். அவர் பட்டினி போட்டது மதுவத்தை. நாங்கள் நோன்பு நோற்பது அது கடமை என்பதால். அதற்கு ஸ்டொக்ஹோமிலிருந்து சான்றிதழ் வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஓட்டோபாகோசோமைப் பற்றி விஞ்ஞானிகளை நெடுங்காலம் குழப்பிய கேள்வி வேறு. அந்த மென்சவ்வு எங்கிருந்து வருகிறது? சாதாரணப் புடகம் என்றால் கவலையில்லை. பிசைந்த மாவிலிருந்து ஓர் உருண்டையைக் கிள்ளி எடுப்பது போல, ஏற்கெனவே இருக்கும் மென்சவ்விலிருந்து அது கிள்ளப்படுகிறது. ஓட்டோபாகோசோம் அப்படியல்ல. ஓலைப்பெட்டி இழைப்பது போல, சிறு தட்டாகத் தொடங்கி, கிண்ணமாக வளைந்து, கடைசியில் வாய் மூடுகிறது. சில நிமிடங்களில் முடியும் இந்த வேலைக்கு அத்தனை ஓலை எந்தப் பனையிலிருந்து வந்தது?

நான் இருக்கும் கீரிமலையில் இதே மாதிரியான கேள்வி கண்முன்னே இருக்கிறது. கேணிக்கும் கடலுக்கும் இடையே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் ஓயாமல் ஊறும் நன்னீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்ததாம் என்று பழைய ஆட்கள் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உள்ளே பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் குகைகளாலும் கசிந்து கடலோரம் வந்து ஊறுகிறது என்பது உண்மை. ஊற்றுக்கண் ஒன்றாகத் தெரிந்தாலும் தண்ணீர் ஒரே இடத்து மழையல்ல.

ஓட்டோபாகோசோமும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது. அகமுதலுருச் சிறுவலை என்று ஒரு சாரார் சொன்னார்கள். இழைமணி என்று சிலர், கலத்தின் வெளி மென்சவ்வு என்று வேறு சிலர். ஒவ்வொருவரிடமும் ஆதாரம் இருந்தது. 2012 இல் ஓசுமியின் குழுவினர் மதுவக் கலத்தில் 30 முதல் 60 நனோமீற்றர் விட்டமுள்ள சின்னஞ்சிறு புடகங்களைப் பின்தொடர்ந்தார்கள். அவை ஏரிஜி 9 என்ற புரதத்தைத் தாங்கியவை. பட்டினி தொடங்கியதும் அவற்றில் ஒரு சில, ஓட்டோபாகோசோம் உருவாகும் இடத்தில் வந்து கூடுகின்றன. முதல் தட்டுக்கு அடித்தளம் அவைதான். அவை பிறப்பது கொல்கியுபகரணத்தில்.

விதை கொல்கியிலிருந்து வந்தாலும், அது வளரத் தேவையான கொழுப்பு முழுவதையும் அந்தச் சில புடகங்களால் கொடுக்க முடியாது. 2018, 2019 ஆண்டுகளில் இன்னொரு புரதத்தின் வேலை வெளிப்பட்டது. ஏரிஜி 2 என்ற அந்தக் கோல் வடிவப் புரதம், அகமுதலுருச் சிறுவலைக்கும் வளரும் கிண்ணத்துக்கும் நடுவே பாலம் போலப் பொருந்துகிறது. அதன் வழியே பொஸ்போலிப்பிட்டு மூலக்கூறுகள் கிண்ணத்துக்குக் கடத்தப்படுகின்றன. மனிதக் கலங்களில் இழைமணியும் சிறுவலையும் தொட்டுக்கொள்ளும் இடங்களிலும் கிண்ணங்கள் தோன்றுவதைக் கண்டிருக்கிறார்கள். எந்த மென்சவ்வு எவ்வளவு கொடுக்கிறது, பட்டினியில் ஒரு விதமாகவும் நோய்த்தொற்றில் இன்னொரு விதமாகவும் கொடுக்கிறதா என்பதில் ஆய்வுகூடங்கள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தர்க்கத்தில் கொல்கி என்ற பெயர் நாள்தோறும் அடிபடுகிறது. அவர் கூகையின் மூளியில் கண்ட கறுப்பு வலை அங்கே இல்லை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.